எச்.பி. ஆறுதான் இருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம், அங்கும் அவ்வண்ணமே இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு மரியாதை. இரண்டாவது பாதியை மனதார எழுதுகிறேன். முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்று மத்தியானம், அதற்குள் யார் சொன்னார்களோ, நீங்கள் போனில் கூப்பிட்டு, “என்ன மாப்பிள்ளை, உங்க பில்டிங்குல வெள்ளமாமே, யார் செஞ்ச வேலை?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை மச்சான். அந்த நேரத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். விவரத்தைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கேட்கும். கடிதத்தில் சிரித்தால் கேட்காது.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை போய்விட்டது, ஓய்வு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வாழ்நாள் முழுவதும் மோட்டார் பம்புசெட் கடையில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, அஞ்சு எச்.பி. வேணுமா, பத்து எச்.பி. வேணுமா என்று கேட்டுக்கேட்டே நரைத்தவன். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கட்டடத்துக்காரர்கள், “மோட்டார் கடையில இருந்தவர்தானே, அவரே பாத்துப்பார்” என்று என்னைச் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். ஆக்கிய நாளிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏறாததற்கு நான் என்ன செய்வேன், பழைய மோட்டார், பெயர்ப்பலகை துருப்பிடித்து அது எத்தனை எச்.பி. என்பதே யாருக்கும் தெரியாது, அஞ்சு என்பது என் கணக்கு. ஆனால் குழாயைத் திறந்து காற்று வந்தால் ஆளாளுக்கு என் கதவைத்தான் தட்டுகிறார்கள். லிஃப்ட் கிடையாது, எங்கள் வீடு மூன்றாவது மாடி, மோட்டார் கீழே. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பதில் சொல்லிப் பதில் சொல்லி, எனக்கு உடம்பும் ஓய்ந்துவிட்டது, வாயும் ஓய்ந்துவிட்டது. காலையில் எழுந்திருக்கும்போதே முடியலை என்றுதான் எழுந்திருக்கிறேன்.

இந்த நிலைமையில் வீட்டில் ஒரு ஆறுதல் உண்டா என்றால், உங்கள் தங்கை கேம் ஆடிக்கொண்டிருக்கிறாள். தப்பாக நினைக்காதீர்கள், கூடப்பிறந்தவர் என்ற உரிமையில் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று எங்கள் மகள் அவள் இருக்கிற ஊரிலிருந்தே ஒரு விளையாட்டை அம்மாவின் போனில் இறக்கிக் கொடுத்தாள். மகள், மகளின் அலுவலகத் தோழி, முகம் தெரியாத ஒருவன், உங்கள் தங்கை என்று நாலு பேர் ஒரு டீம். அவர்கள் மூவரும் பூதங்களோடு சண்டை போடுவார்கள். இவளுக்குச் சண்டை வராது என்று டாக்டர் வேலை கொடுத்திருக்கிறார்கள். டீமில் இவளுக்குப் பெயரே டாக்டர்தான். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு ஓடும், அதற்குப் பெயர் எச்.பி. அடிபட அடிபட அது குறையும், தீர்ந்தால் ஆள் அவுட். யாருடைய கோடு குறைகிறது என்று கண்கொட்டாமல் பார்த்து, ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றிவிடுவதுதான் உங்கள் தங்கையின் உத்தியோகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் இவ்வளவு அக்கறையாக என் முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு நாள் எரிச்சலில், “எல்லாருக்கும் நீ ஏத்துற, உன் கோடு எங்க இருக்கு?” என்று கேட்டேன். “கீழ மூலைல சின்னதா இருக்குங்க. மத்தவங்களப் பாக்கவே நேரம் பத்தல, அத யாரு பாக்குறது?” என்றாள்.

கேம் வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டாள் மச்சான். முன்பெல்லாம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள், உங்களுக்கே தெரியும், நாலு வேலையை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நம்மையும் சேர்த்து விரட்டுவாள். இப்போது உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், எல்லாம் அந்தச் சின்னத் திரையை உற்று உற்றுப் பார்ப்பதால் வருகிற கிறுகிறுப்பு. வெயிலே படாமல் வீட்டுக்குள் கிடந்து முகம் வெளுத்துப்போயிற்று. இதெல்லாம் போதாதென்று ஃப்ரிட்ஜில் இருக்கிற ஐஸ் கட்டியை எடுத்து எடுத்து வாயில் போட்டு நறநறவென்று கடிக்கிறாள். நான் செய்தித்தாளை விரித்தால் பக்கத்தில் இந்தச் சத்தம். கேட்டால், “என்னவோ தெரியல, வாய் கேக்குது” என்கிறாள். தண்ணீர் ஏறாத நாளில் கீழ்க் குழாயிலிருந்து வாளியில் கொண்டுவருவது அவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் செகரட்டரி வேலையே தலைக்கு மேல் இருக்கிறதே. ஆனால் அந்த வாளியைக்கூட ஒழுங்காகக் கொண்டுவருவதில்லை. மாடித் திருப்பத்துக்கு மாடித் திருப்பம் வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து போனை எடுத்துவிடுகிறாள். மேலே நின்று நான் குரல் கொடுத்தால், “ஒரு ரவுண்டு முடிச்சிட்டு வந்துடறேங்க” என்று பதில் வரும். அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். உட்கார்ந்து விளையாடுகிறவளுக்கு மூச்சு எதற்கு வாங்குகிறது, சொல்லுங்கள்?

இதற்கிடையில் மகள் போனில் பேசும்போது நான் என் அசதியைச் சொன்னேன். மோட்டாரைப் பற்றியும் சொன்னேன். மூச்சு விடாமல் இரண்டையும் சேர்த்தே சொன்னேன், அதுதான் வினையாகிப்போனது. அவள், “சரிப்பா, நான் பாக்கறேன்” என்றாள். மறுநாளே கையில் பெட்டியோடு ஒரு பெண் வந்து, ரத்தப் பரிசோதனைக்கு மகள் சொல்லி அனுப்பியதாகச் சொல்லி என் கையை நீட்டச் சொன்னாள். எனக்கு எடுத்த கையோடு, “அம்மாவுக்கும் எடுத்துடலாமா, இவ்வளவு தூரம் வந்துட்டேன்” என்று கொசுறாக உங்கள் தங்கைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். அதோடு அதை நான் மறந்துவிட்டேன். ஊசி குத்தின இடம் வலித்தவரை ஞாபகம் இருந்தது, வலி போனதும் ஞாபகமும் போயிற்று.

பிறகு மகளிடமிருந்து உங்கள் தங்கையின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் போன் பழைய பொத்தான் போன், அதில் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வராது. அவசரக்காரி, புள்ளி கிடையாது, கமா கிடையாது, அப்படியே எழுதுகிறேன். “அப்பா எச் பி ஆறுதான் இருக்கு ரொம்ப கம்மி பன்னிரண்டாவது இருக்கணும் உடனே ஏத்தணும் டாக்டர்கிட்ட காட்டணும் அலட்சியமா விடாதீங்க.” கூடவே ஏதோ ஒரு ஃபைலும் வந்திருந்தது. போனில் இடமில்லை என்று அது திறக்கவில்லை, இடம் முழுவதையும் பூதங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நீங்களே சொல்லுங்கள், மோட்டார் கடையில் நரைத்தவன் இதை எப்படிப் படிப்பான்? அப்பா, மோட்டார் ஆறு எச்.பி.தான் இருக்கிறது, பன்னிரண்டாவது வேண்டும், தண்ணீரை உடனே ஏற்ற வேண்டும். ஆறு எச்.பி. என்று ஒரு மோட்டார் எங்கள் கடைப் படியில் ஏறியதே இல்லை, அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் படித்த பெண், எங்கேயோ யாரிடமோ விசாரித்திருக்கிறாள், அப்பாவின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒருத்தியாவது இருக்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டணும் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் தெருமுனையில் மோட்டார் பழுது பார்க்கிறவர் கடை வாசலில் ‘பம்புசெட் டாக்டர்’ என்றுதான் பலகை வைத்திருக்கிறார். தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும்.

உங்கள் தங்கை படித்த விதம் வேறு. அந்த ‘அப்பா’வை அவள் நானாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யப்பா, எவ்வளவு கம்மி என்று பெருமூச்சு விடுவோமே, அந்த அப்பா என்று நினைத்துவிட்டாள். விளையாட்டில் மகளுடைய ஆளுக்கு எச்.பி. ஆறுதான் மிச்சம், சாகக் கிடக்கிறாள், டீம் டாக்டரான தன்னிடம் காட்டச் சொல்கிறாள் என்று பதறிப்போய், அடுப்பில் இருந்ததை அணைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். “சரி ஏத்திடறேன்” என்று மகளுக்குப் பதிலும் அனுப்பினாள். நானும் சும்மா இல்லை, “டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, நாளைக்கே வரேன்னுட்டார்னு போடு” என்றேன், அதையும் போட்டாள். அப்பாவும் அம்மாவும் இவ்வளவு பொறுப்பாக இருக்கிறார்களே என்று அந்தப் பெண் அங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

நான் என் பழைய கடைக்குப் போய், சோதித்துப் பார்க்க ஒரு மோட்டார் இரவல் கேட்டேன். குடோனில் ஏழரை இருக்கிறது, பன்னிரண்டரை இருக்கிறது என்றார்கள். ஏழரையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று பன்னிரண்டரையையே வண்டியில் ஏற்றிவந்தேன். பம்புசெட் டாக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “என்ன சார், மொட்டை மாடில விவசாயம் பண்ணப்போறீங்களா?” என்றார். மகள் சொல்லிவிட்டாள், பன்னிரண்டாவது இருக்கணுமாம் என்றேன். உங்க இஷ்டம், பைப் என் பொறுப்பில்ல என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொடுத்தார். மெயின் சுவிட்சைப் போட்டதும் கட்டடம் முழுக்க விளக்கு ஒரு தடவை மங்கி எழுந்தது. எங்கோ ஒரு உறுமல். அடுத்தது இரண்டாவது மாடியில் டமார் என்று ஒரு சத்தம், குழாய் மூட்டு தெறித்துவிட்டது. அந்த மாடி பௌதிக வாத்தியாருடையது. மனிதர் வராந்தாவில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் நேராக அவர் மேல். ஒரு வகுப்பின் விடைகள் முழுவதும் படிக்கட்டில் மிதந்து கீழே வந்தன.

வாத்தியார் சொட்டச்சொட்ட இறங்கிவந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பாடம் எடுத்தார். “செகரட்டரி சார், எச்.பி.ங்கறது குதிரைத்திறன். ஒரு வேலைய எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம்கறதுதான் கணக்கு. இந்தப் பைப்புக்கு அவ்வளவு சீக்கிரம் தேவையில்ல” என்றார். மனிதனால் நாள் முழுக்க விடாமல் கொடுக்க முடிவது ஒரு எச்.பி.யில் பத்தில் ஒரு பங்குதான் என்றும் சொன்னார். சத்தம் கேட்டுக் கையில் வாளியோடு வந்து நின்ற உங்கள் தங்கை, “அப்ப மூணாவது மாடிக்கு வாளி தூக்குறது எத்தனை எச்.பி. சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று வாத்தியார் அந்த ஈரத்திலும் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். அதற்குள் போன் அடித்துவிட்டது.

மகள்தான். ஏதோ ஸ்டேஷனிலிருந்து பேசினாள், ஒரே இரைச்சல். உங்கள் தங்கை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். நான் எடுத்த எடுப்பிலேயே, “நீ சொன்னபடி பன்னிரண்டு எச்.பி. மாட்டியாச்சும்மா, பைப்புதான் வெடிச்சிருச்சு” என்றேன்.

“மோட்டாரா? ஐயோ, ரத்தம்ப்பா. ரத்தத்துல எச்.பி. ஆறுதான் இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாடி ஏற விடாதீங்க. நான் கிளம்பிட்டேன், வந்துகிட்டே இருக்கேன்.”

அவ்வளவுதான், கட் ஆகிவிட்டது. திரும்பப் போட்டால் போகவில்லை, ரயில் ஏறிவிட்டாள் போலிருக்கிறது. அதற்குள் வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. ஹீமோகுளோபின் என்று ரத்தத்தில் ஒன்று இருக்கிறதாம், அதைச் சுருக்கினாலும் எச்.பி. இங்கிலீஷில் அந்த பி வேறு இந்த பி வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பி, அதுதான் சார் குழப்பம் என்றார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கமாட்டார்களா, ஊரைக் கூட்டி அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தானே. உங்கள் தங்கைக்கு முகத்தில் ஈயாடவில்லை. “ஆறா? ஆறுன்னா விழுந்துடுவாங்களே” என்றாள், அவள் விளையாட்டுக் கணக்கில். சொல்லவும் நான் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். மாடி ஏற விடக்கூடாது என்று மகள் சொல்லியாயிற்று, வீடோ மூன்றாவது மாடி. வாத்தியாரும் பம்புசெட் டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். நீங்கள் கூப்பிட்டது அப்போதுதான். உங்கள் தங்கை என் செருப்பை ஒரு கையிலும் வாளித் தண்ணீரை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அந்த நேரத்திலும் பாருங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தாள். எனக்கு மனது விட்டுப்போயிற்று மச்சான். கட்டியவன் இங்கே நாற்காலியில் போகிறான், இவளுக்கு ஒரு ரவுண்டு முடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மேலே வந்த பிறகு கவனித்துக்கொண்டதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றுவிட்டாள். பீட்ரூட்டைச் சாறு பிழிந்து கொடுத்தாள், கீரையை வேகவைத்துக் கொடுத்தாள், பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். “எச்.பி. கம்மியா இருக்கறவங்கள முன்னாடி விடக்கூடாதுங்க, பின்னாடி ஒக்கார வெச்சுப் பாத்துக்கணும்” என்கிறாள். நீயும் சாப்பிடேன் என்றால் பசியில்லை என்று ஐஸ் கட்டியைக் கடிக்கிறாள். மத்தியானத்திலிருந்து இப்போது வரை எனக்காகக் கீழேயும் மேலேயும் எத்தனை நடை நடந்தாள் என்று தெரியாது, நான் தூங்கிவிட்டேன்.

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று வாத்தியார் சொல்கிறார். எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது மச்சான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் தங்கையைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒன்றும் ஆகாவிட்டால், உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நேரில் வந்து அவளை நாலு வார்த்தை திட்டுங்கள், நான் சொன்னால் எடுபடாது. திட்டிவிட்டு ஒரு மாதம் உங்களோடு அழைத்துப் போங்கள். அந்த விளையாட்டும் மறக்கும், எனக்கும் அந்த நறநற சத்தம் இல்லாமல் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வெகுநாளாக வந்து சேராமல் இருக்கிற ஓய்வு.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், ரத்தம் குறைந்தவனுடைய ஆசீர்வாதம் எவ்வளவு செல்லுமோ அவ்வளவு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, அசந்துபோன,
தங்கை கணவன்

பின்குறிப்பு: இதை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் போடலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன், போடவில்லை. காலையில் வாத்தியார் என்னைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். உங்கள் தங்கை பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். இங்கே ஒரு நர்ஸ் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போய், திரும்பி வந்து, “உங்களுக்குப் பதினாலு இருக்கு, ஒண்ணும் கொறை இல்ல, குதிரை மாதிரி இருக்கீங்க. யாருக்கு ஆறு?” என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். உங்கள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் போன் இல்லை. நர்ஸ் ஓடிப்போய் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்பதே இல்லை, வெள்ளையாக இருந்தது. ஐஸ் கட்டி கடிக்கிறாங்களா என்று நர்ஸ் கேட்டாள். அது எப்படித் தெரியும் என்றேன். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படிக் கேட்குமாம். படி ஏறினால் மூச்சு வாங்குமாம். நாலு படிக்கு ஒரு தடவை உட்காரத் தோன்றுமாம்.

மகள் போனில் சொன்னதை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்துப் பாருங்கள். கூட்டிட்டுப் போங்க, விடாதீங்க. அவள் அம்மாவை ஒரு நாளும் ‘ங்க’ போட்டுப் பேசமாட்டாள், நீ வா போ என்பாள். ‘ங்க’ எனக்குத்தான். முதல் செய்தியில் ‘அப்பா’ என்று கூப்பிட்டதும் என்னைத்தான். என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள், அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, அம்மாவை மாடி ஏற விடாதீங்க என்று. அந்த ஒரு ‘ங்க’வை நான் கவனித்திருந்தால், அவள் நேற்று எனக்குப் பின்னால் வாளியோடு ஏறியிருக்கமாட்டாள்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றுகிறார்கள். முதல் பாட்டில் பாதி இறங்கியிருக்கிறது. ரத்தம் எதனால் குறைந்தது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம், பயப்படும்படி இருக்காது என்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். மகள் மாலைக்குள் வந்துவிடுவாள். கொஞ்சம் முன்னால் உங்கள் தங்கை கண் திறந்து, “டீம்ல தேடுவாங்க, ரெண்டு பேருக்காவது ஏத்திவிடுங்க” என்று போனை என் கையில் கொடுத்தாள். ஏற்றிவிட்டேன். பிறகு கீழ் மூலையில் அவளுடைய கோட்டைத் தேடினேன். இருக்கிறது மச்சான், சின்னதாக, பச்சை போய்ச் சிவப்பாகிக் கிடக்கிறது. இதை ஏற்ற எதை அழுத்தணும் என்று கேட்டேன். “அதுக்கு என்கிட்ட பொத்தான் இல்லங்க. வேற யாராவதுதான் ஏத்தணும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஆகவே மேலே எழுதியதில் உங்கள் விலாசத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். திட்டுவதற்கு வாருங்கள், திட்ட வேண்டிய ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவளை அழைத்துப் போவதெல்லாம் வேண்டாம். வரும்போது பழம், பலகாரம் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இரண்டு கையும் காலியாக வாருங்கள். பைப் இன்னும் சரியாகவில்லை. மூன்றாவது மாடிக்கு வாளி தூக்க என்னோடு இன்னொரு ஆள் வேண்டும்.